தவறே செய்யாத தீயணைப்பு வண்டி

உட்காருவதற்கு முன் எர்லிண்டா அம்மாள் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தாள். துடைத்த கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதுவும் ஒரு குறைதான் என்பதுபோல உதட்டைச் சுழித்துவிட்டு, எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

கசில்டா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சலாக இருந்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவள் அதை வெளியே காட்ட முடியுமா? சிரித்தாள்.

"கொஞ்சம் சாக்லேட் குடிங்க. இப்பத்தான் காய்ச்சினேன்."

"கண்ட இடத்துல நான் வாய் நனைக்கறதில்ல," என்றாள் எர்லிண்டா.

அமெரிக்காவிலிருக்கிற செரிட்டோ ஊரில் ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறவர்கள் மேற்கே வருவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று இழவு, இன்னொன்று ஓட்டு. இன்று அதிசயமாகப் பெண் கேட்க வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். ஒரே பாஷை, ஒரே தேவாலயம், ஒரே சோள ரொட்டி. ஆனாலும் பாதை பாதைதான். எர்லிண்டாவின் மகன் ஃபிடென்சியோ பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கல்யாண நடனத்தில் கசில்டாவின் மகள் ஒராலியாவைப் பார்த்தவன், "கட்டினா இவளைத்தான்" என்று அம்மாவிடம் ஒரு வருஷம் மல்லுக்கு நின்று ஜெயித்திருந்தான். ஜெயித்த பயல் இப்போது சட்டைக் காலருக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

முறைப்படி பெண் கேட்க வேண்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒனேசிமோ. நகராட்சிச் செயலர். தொண்டையைக் கனைத்தார், எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"எங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா இந்த நகராட்சிக்கு உழைச்ச குடும்பம். எங்க மேல ஒரு சொல் கிடையாது. நாங்க ஒரு வீட்டுக்குள்ள நுழையறோம்னா, அது அந்த வீட்டுக்கே ஒரு கௌரவம்..."

அப்போது நகராட்சியின் தீயணைப்பு வண்டி வீட்டுக்குள் நுழைந்தது.

வாசல் வழியாக அல்ல. சுவர் வழியாக. மலைச்சரிவில் இருக்கிற தெரு அது. மேலே நாவிதர் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் முகம் மழிக்கப் போயிருந்தார். அந்த வண்டிக்குக் கைப்பிரேக் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும், நகராட்சிக்கும் தெரியும். சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை வைப்பார்கள், அதுதான் பிரேக். அன்று செங்கல் உடைந்தது. சிவப்பு வண்டி தன் மணியைத் தானே அடித்துக்கொண்டு, சொந்த பந்தம் எல்லாரையும் கடந்து, நேரே கசில்டாவின் முன்னறைக்கு வந்து நின்றது.

புழுதி அடங்கியபோது ஒனேசிமோ கை தூக்கியபடியே நின்றிருந்தார். தலையில் சோளமாவுக் கொழுக்கட்டையான தமாலே ஒன்று ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. எர்லிண்டாவின் மடி முழுக்கச் சாக்லேட். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் சிலுவை போட்டுக்கொள்ளும்போதுதான், சுவரோரம் தட்டு ஏந்தி நின்றிருந்த கசில்டாவின் கணவன் எவாரிஸ்டோ, வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டான்.

"கசில்டா... தட்டு உடையல. காலுதான்."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓட்டுநர் ஓடிவந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "தீ எங்க?" என்று கேட்டார்.

எவாரிஸ்டோ கூரை வேயும் தச்சன். இரண்டு இடத்தில் முறிந்த காலை வைத்துக்கொண்டு இனி ஏணி ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவன் படுக்கையில், சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு வெளியே நின்று தெருவே எட்டிப் பார்த்துக் குசலம் விசாரித்தது. சட்டியில் என்ன கொதிக்கிறது என்பது கூட ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கசில்டா நகராட்சிக்குப் போனாள். ஒனேசிமோ கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இங்க பாரும்மா, நடந்தது வருத்தம்தான். ஆனா நகராட்சி தப்புப் பண்ண முடியாது."

"பண்ணிச்சே! நீங்களே நின்னு பார்த்தீங்களே! தலையில தமாலேயோட!"

"பண்ணலாம்மா. ஆனா தப்புன்னு சொல்ல முடியாது. சட்டம் அப்படி."

கசில்டா போய்ப் பார்த்த வழக்கறிஞர் அபெலார்டோ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரிப்பார். அழ வேண்டிய இடத்தில் சிரித்துப் பழகிவிட்ட மனிதர்.

"அந்தாளு சொன்னது சரிதான் தாயி. இங்கிலாந்துல ராஜா மேல அவரோட கோர்ட்டுலயே வழக்குப் போட முடியாது. ராஜா தப்பே செய்ய மாட்டார்னு ஒரு பேச்சு. அதை இங்க அரசாங்கத்துக்கு மாட்டிவிட்டுட்டாங்க. இதுல இன்னொரு கூத்து கேளு. உன் வீட்டுக்குள்ள வந்தது நகராட்சி தண்ணி விக்கற லாரியா இருந்திருந்தா வழக்குப் போடலாம். ஏன்னா அது வியாபாரம். தீயணைப்பு வண்டி அரசாங்கத்தோட கை. ராஜாவோட கை. தொட முடியாது."

"இடிச்சது ரெண்டும் ஒரே மாதிரிதானே இடிக்கும்?"

"காலுக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே!"

ஆனாலும் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். நகராட்சி வழக்கறிஞர் எழுந்து, "நகராட்சி மீது வழக்குத் தொடுக்க முடியாது, ஐயா" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனா என் கை கட்டியிருக்கு. அரசாங்கத்துக்கு இருக்கற இந்தக் கவசத்தைக் கழட்டற அதிகாரம் எனக்குக் கிடையாது. சட்டமன்றத்துக்குத்தான் உண்டு."

"அது எந்தத் தெருவுலங்க?" என்று கேட்டாள் கசில்டா.

நீதிமன்றம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

செய்தி ரயில் பாதையைத் தாண்டுவதற்குள் எர்லிண்டா தாண்டி வந்துவிட்டாள். இந்த முறை உட்காரவே இல்லை. தார்ப்பாயைக் கைக்குட்டையால் பிடித்து விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். என் தம்பி நகராட்சிச் செயலர். அரசாங்கத்து மேல பிராது குடுத்துட்டு அலையற வீட்டுல நான் சம்பந்தம் பண்ணினா எங்க பக்கம் என்ன பேசுவாங்க? கௌரவமான ஜனங்க அரசாங்கத்தை எதிர்த்துப் பேசறதில்ல. வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கறதுதான் மரியாதை. இதை இத்தோட விட்டுடுங்க. அடுத்த மாசமே கல்யாணம். விடலைன்னா, எம் பையனை மறந்துடுங்க. பெரிசு படுத்தாதீங்க, அவ்வளவுதான்."

கசில்டா தார்ப்பாயை இழுத்து மூடினாள். மகளைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த கணவனைப் பார்த்தாள். "விட்டுடலாம் கசில்டா," என்று அவன் கண் சொன்னது. மகளுக்காக அவன் இன்னொரு காலையும் கொடுப்பான். அது அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு கணம் விட்டுவிடத்தான் நினைத்தாள்.

ஒராலியா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சீதனம் கேக்கறாங்கம்மா," என்றாள்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே!" என்றாள் எர்லிண்டா.

"எங்கப்பா காலைக் கேக்கறீங்க. அதுக்கு மேல எங்கம்மா நாக்கையும் கேக்கறீங்க. பட்டுத்துணியில சுத்தித் தரணுமா, இப்படியே தரலாமா?"

எர்லிண்டா வந்த வழியே போனாள். அதாவது சுவர் வழியே. அவள் போனதும் ஒராலியா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. கசில்டா கதவைத் தட்டவில்லை. அவளும் இந்தப் பக்கம் அதே கதவில் சாய்ந்து நின்றாள்.

அபெலார்டோ ஒரு நாள் மூச்சிரைக்க வந்தார். இந்தக் கவசத்தைக் கழற்ற ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வந்திருக்கிறதாம். குழுவின் முன்னால் பாதிக்கப்பட்டவர்கள் சாட்சி சொல்லலாமாம்.

"வர்றியா தாயி?"

"வர்றோம்," என்றாள் கசில்டா.

அந்த 'றோம்' என்ன என்பது தலைநகருக்கு பஸ் கிளம்பும் விடியற்காலையில்தான் அவருக்குப் புரிந்தது. தெருவே வந்திருந்தது. எவாரிஸ்டோ மாவுக்கட்டுக் காலை இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தான். ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருவரும் தாண்டும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் கேலி செய்தார்கள். கூடை கூடையாகத் தமாலே. நாவிதர் தன் அக்கார்டியனை எடுத்து வந்திருந்தார். தன் கடை வாசலில்தான் வண்டி நின்றது என்பதால் தனக்கும் இதில் பங்கு உண்டு என்றார். பஸ் உறுமியபோது, தெருக்கோடியிலிருந்து ஒருவன் காலர் பறக்க ஓடிவந்தான். ஃபிடென்சியோ.

"மாமி, உங்களுக்கு இங்கிலீஷ் பேச ஆள் வேணும்ல?"

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"பஸ் திரும்பி வரும்போது தெரிஞ்சிருக்கும்."

ஒராலியா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பக்கத்து இருக்கையில் இருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடம் காலியாயிற்று. பஸ் முழுக்க விசில்.

சட்டமன்றக் குழு அறையில் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. செருப்புச் சத்தமே வராமல் நடந்தார்கள். உயரமான மேசைக்குப் பின்னால் வரிசையாகப் பெரிய மனிதர்கள். நடுவில் செனட்டர் ஹோல்கம், வெள்ளிமுடி, வெண்ணெய்க் குரல்.

கசில்டா ஸ்பானிஷில் சொன்னாள். ஃபிடென்சியோ பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னான். முதலில் மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"செங்கல்லை பிரேக்கா வச்ச மூளை கெட்டவங்க," என்றாள் கசில்டா.

"பராமரிப்பில் சிறு குறை இருந்தது என்கிறார்," என்றான் ஃபிடென்சியோ.

கசில்டா அவன் முழங்கையில் இடித்தாள். அவள் இங்கிலீஷ் பேச மாட்டாளே தவிர, காதில் விழுந்தால் புரியும்.

"நான் அப்படியா சொன்னேன்? மூளை கெட்டவங்கன்னு சொல்லு."

அவன் காலரைத் தளர்த்திக்கொண்டான். தன் மாமனின் அலுவலகத்தை நினைத்திருப்பான். ஒராலியா பின்வரிசையில் இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்தது. "மூளை கெட்டவர்கள்," என்றான், வகுப்பறைக் குரலில்.

செனட்டர் ஹோல்கம் புன்னகைத்தார். "உங்கள் கஷ்டம் புரிகிறது அம்மா. ஆனால் ஆளாளுக்கு அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட ஆரம்பித்தால், அரசாங்கம் திவாலாகிவிடும். அதை யோசித்தீர்களா?"

கசில்டா உண்மையாகவே யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கலவரம்தான் வந்தது.

"அப்படின்னா... இன்னும் எத்தனை வீட்டை இடிக்கறதா இருக்கீங்க?"

ஃபிடென்சியோ அட்சரம் பிசகாமல் சொன்னான். சுருக்கெழுத்துக்காரிதான் முதலில் வாயைப் பொத்தினாள். அடுத்து வாசல் காவலாளி. அதற்கடுத்து மேசைக்குப் பின்னாலேயே ஒருவர் குலுங்க ஆரம்பித்தார். செனட்டர் சுத்தியலால் தட்டினார்.

"இது பழமையான கோட்பாடு, அம்மா. அரசருடைய காலத்திலிருந்து வருகிறது."

"அந்த ராஜாவை விரட்டிட்டுத்தானே இந்த நாட்டையே ஆரம்பிச்சீங்க? எம் பொண்ணு படிச்சாளே! ஆளை விரட்டும்போது அவர் சட்டையை மட்டும் உருவி வச்சுக்கிட்டீங்களா, மாத்தி மாத்திப் போட்டுக்க?"

இதற்கு மேல் சுத்தியல் எடுபடவில்லை. அக்கார்டியனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதுதான் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நாவிதர் அங்கேயே வாசித்திருப்பார். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் கசில்டா கடைசியாகச் சொன்னதை ஃபிடென்சியோவால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை.

"எனக்கு யாரையும் தண்டிக்க வேணாங்க. எங்க வீட்டுக்காரர் காலை உடைச்சவங்க, 'ஆமாம், நாங்கதான்'னு ஒரு தடவை சொல்லணும். அதுக்கு ஒரு கோர்ட்டு வேணும். அவ்வளவுதான்."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் பாட்டு. எவாரிஸ்டோ தன் மாவுக்கட்டில் தாளம் போட்டான். செரிட்டோ வந்து சேர்வதற்குள் ஃபிடென்சியோ ஒராலியாவிடம் தானே பெண் கேட்டுவிட்டான். மாமன் இல்லை, கோட்டு இல்லை, பேச்சு இல்லை. பஸ் ஓட்டுநர்தான் சாட்சி. தார்ப்பாய்ச் சுவர் வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியதும் முன்னறையும் தெருவும் ஒன்றாகி, அந்தத் தெருவிலேயே பெரிய நடனக் கூடம் அவர்களுடையதாக ஆயிற்று. எர்லிண்டா வந்தாள். பிள்ளை ஆயிற்றே! இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மசோதா நிறைவேறியது. இனி அரசாங்க வண்டி யாரை இடித்தாலும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடலாம். சேதியைச் சொல்ல வந்த அபெலார்டோ வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் சிரிப்பு கோணிக்கொண்டு போயிற்று.

"ஜனவரி முதல் தேதிக்கு அப்புறம் நடக்கறதுக்குத்தான் செல்லும் தாயி. அதுக்கு முன்னாடி நடந்ததுல ராஜா இன்னும் ராஜாதான். சட்டமன்றம் கவசத்தைக் கழட்டும். ஆனா எவ்வளவு கழட்டணும், எப்ப கழட்டணும்னு அதுவேதான் சொல்லும்."

கசில்டா அவரையே பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. விக்கல் வரும்வரை சிரித்தாள். ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றான் எவாரிஸ்டோ. "கொஞ்சம் பொறுத்து உடைஞ்சிருக்கலாம் இந்தக் கால்." அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் சுவர் இல்லை என்பதால் தெருவே அவன் கண்ணைப் பார்த்தது.

புது வருஷத்துக்குள் நகராட்சியின் வண்டி ஒவ்வொன்றுக்கும் கைப்பிரேக் மாற்றிவிட்டார்கள். கசில்டாவின் வீட்டைத் தாண்டும்போது ஓட்டுநர்கள் நத்தைபோல் ஊர்ந்தார்கள். அவளைக் கண்டால் தொப்பியைத் தூக்கினார்கள். "ராஜா பயணம் போறாரு," என்பாள் அவள்.

வசந்தம் வந்தது. ஒரு மத்தியானம் கசில்டா சோள மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. கட்டுப்போட்ட வலது கையை மார்போடு அணைத்தபடி எர்லிண்டா நின்றாள். நகராட்சியின் குப்பை லாரி பின்பக்கமாக வரும்போது தேவாலய வாசலில் அவளைச் சாய்த்துவிட்டிருந்தது. மணிக்கட்டு நொறுங்கிப் போயிருந்தது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற கை.

"விரல் மடங்காதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள். கசில்டா நகர்த்திய நாற்காலியில் துடைக்காமலே உட்கார்ந்தாள். துடைக்கக் கை இல்லை.

"உங்க தம்பி என்ன சொல்றார்?"

எர்லிண்டா தரையைப் பார்த்தாள். "பெரிசு படுத்தாத அக்காங்கறான். குடும்ப கௌரவம்ங்கறான்."

அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கசில்டாவின் வாய்நுனி வரை வந்தது, நன்றாகப் பழுத்த ஒரு வார்த்தை. இத்தனை மாதமாக ராத்திரியெல்லாம் உருட்டி உருட்டிச் சாணை பிடித்து வைத்திருந்த வார்த்தை. எர்லிண்டாவின் மடங்காத விரல்களைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கினாள். கசந்துகொண்டேதான் இறங்கியது.

"சாக்லேட் குடிக்கறீங்களா?"

"குடுங்க," என்றாள் எர்லிண்டா. ஒரு கையால் கோப்பையைப் பிடித்து, ஊதாமல் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தச் சட்டம்... எனக்குச் செல்லுமாமே? உங்களுக்குத்தான் வழி தெரியும், சம்பந்தி. யாருக்கும் தெரியாம ஒரு நடை கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

"கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா யாருக்கும் தெரியாமப் போறதுக்கு எனக்கு வழி தெரியாதே, சம்பந்தி. நான் பஸ்ஸு நிறைய ஆளோட போய்ப் பழகினவ."

அந்த வெயிலிலேயே கிளம்பினார்கள். தெருவின் நடுவாக, ரயில் பாதையைத் தாண்டி, கடைவீதி வழியாக, நகராட்சி அலுவலகச் சன்னலுக்கு நேர் கீழே, கையோடு கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் எவாரிஸ்டோ கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தான். அவனுக்குப் பின்னால் நாவிதர், அக்கார்டியனோடு. மேலே ஒரு சன்னல் படீரென்று சாத்தப்பட்டது. எர்லிண்டாவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. ஆனால் கை விலகவில்லை.

நீதிமன்ற எழுத்தர் பேனாவை மையில் தொட்டு எடுத்தார். "வாதி?"

"எர்லிண்டா."

"பிரதிவாதி?"

எர்லிண்டாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஆயுசு முழுக்க அந்தப் பெயரை அவள் மரியாதைக்கு மட்டுமே உச்சரித்திருந்தாள்.

"சொல்லுங்க சம்பந்தி," என்றாள் கசில்டா. "வாய் சுடாது."

"செரிட்டோ... நகராட்சி," என்றாள் எர்லிண்டா, முணுமுணுப்பாக.

எழுத்தர் எழுதிக்கொண்டார். எர்லிண்டா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அது விழவில்லை. சுவர்களைப் பார்த்தாள். அவையும் நின்றபடியேதான் இருந்தன. அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது. யாரும் கேட்காமலேயே, வெளி வராந்தாவரை கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னாள்.

"செரிட்டோ நகராட்சி!"